அமீனாவை ஏமாற்றிய தெரு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு மடையன். தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை. அது கொஞ்சமாவது இருந்திருந்தால் நான் சொல்லப்போவது நடந்தே இருக்காது. எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாவது முயற்சியில் தாண்டி, துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதும் வேலையில் இருந்தேன். அந்தத் தகுதிக்கே எங்கள் சந்தில் எனக்குப் "படிச்ச புள்ள" என்று பேர். மூட்டை எண்ணத் தெரிந்தவனுக்குச் சட்டமும் தெரியும் என்று சந்து நம்பியது. சந்தைவிட நான் அதிகமாக நம்பினேன்.

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில், கோயில் மணி சத்தம் காதில் விழும் தூரத்தில் ஒரு முட்டுச் சந்து. பாதிப் பேருக்குத் துறைமுகத்தில் வேலை, மீதிப் பேருக்கு ரயில்வே அல்லது மீன். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது கடன். தவணையில் புடவை விற்பவர், வட்டிக்காரர், பாத்திரக்காரர் என்று யாராவது வெள்ளைச் சட்டையும் கக்கத்தில் பையுமாகச் சந்துக்குள் திரும்பினால், முனையிலிருக்கும் குழாயடியில் நிற்கும் பெண்கள் குடத்தைக் கரண்டியால் மூன்று தட்டு தட்டுவார்கள். அவ்வளவுதான், கதவுகள் சாத்திக்கொள்ளும். வருகிறவருக்குப் பதில் சொல்வது மட்டும் வெளியே நிற்கிறவர்களின் பொறுப்பு.

"அவுரா? டோல்கேட்டாண்ட மச்சான் வூட்டுக்குப் போய்க்கீறாரே."

"அந்தம்மாவா? அது காலி பண்ணிகினு போயி எம்மா நாளாச்சு!"

இதை நாங்கள் பொய் என்று நினைத்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்கிற மரியாதை அது. செத்த வீட்டுக்குப் போகாதவனைக்கூட மன்னித்துவிடுவார்கள், வட்டிக்காரனுக்கு வீட்டைக் காட்டிக்கொடுத்தவனோடு தண்ணீர் புழங்க மாட்டார்கள். இந்தக் கலையில் சந்திலேயே பெரிய வித்வான் நான். ஒரு பாத்திரக்காரரை எண்ணூர்வரை பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். டிக்கெட்டுக்குச் சில்லறையும் நானே மாற்றிக் கொடுத்தேன்.

எங்கள் எதிர்வீட்டில் கருவாடு விற்கும் அக்கா இருந்தாள். அக்காவின் அப்பா ரயில்வேயில் கரி அள்ளிப் போட்டுக் கட்டிய ஓட்டு வீடு அது. சந்தில் சொந்த வீடு என்றிருந்த சிலவற்றில் ஒன்று. நிலைப்படியில் அவர் கையாலேயே செதுக்கிய சிலுவை இருந்தது. அக்காவின் கணவர் துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டினார். ஒருநாள் கம்பி அறுந்து, கொக்கி அவர் இடுப்பில் வந்து அடித்தது. அதற்குப் பிறகு அவர் வின்ச்சும் ஓட்டவில்லை, எழுந்து ஒழுங்காக நடக்கவுமில்லை. வைத்தியத்துக்காக அக்கா வீட்டுப் பத்திரத்தை யானைக்கவுனியில் ஒரு சேட்டிடம் வைத்துக் கடன் வாங்கினாள். மாதம் பிறந்தால் வட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தே போவாள்.

"கருவாட்டு வாசனைக்கு சேட்டு மூக்கப் பொத்திக்கினேதான் துட்ட எண்ணுவாரு நைனா. ஆனா கரீக்ட்டா எண்ணுவாரு" என்று சிரிப்பாள்.

ஒரு மழைக்காலம் முழுக்கக் கருவாடு காயவில்லை. வட்டி சில மாதம் நின்றது. சேட்டின் வக்கீலிடமிருந்து முதல் நோட்டீஸ் தபாலில் வந்தது. அக்கா அதை என்னிடம்தான் கொண்டுவந்தாள். நான் அதை மேலும் கீழும் பார்த்து, "கேஸ் போடுவாங்களாம்" என்றேன். அதில் அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

"நானே போயி சேட்டாண்ட கெஞ்சினா டைம் குடுக்க மாட்டாரா?" என்றாள்.

போயிருக்கலாம். அடுத்த வாரமே ஸ்டேக்காரர் வந்து சேர்ந்துவிட்டார்.

அவர் பேரை நான் மறக்கவில்லை. அது அவருடைய சொந்தப் பேராக இருக்காது என்பதால் இங்கே எழுதிப் பயனில்லை. எதைக் கேட்டாலும் "கோர்ட்ல தடை, ஸ்டே வாங்கிரலாம்" என்பார், அதனால் ஸ்டேக்காரர். கஞ்சி போட்ட சட்டை, தலையில் எண்ணெய், கையில் நாடா கட்டிய காகிதக் கட்டு. கோர்ட்டிலும் வக்கீல் ஆபீஸ்களிலும் யார் யார் வீட்டின் மேல் வழக்கு விழுந்திருக்கிறது, விழப்போகிறது என்று பார்த்துவிட்டு, அந்த வீட்டைத் தேடிப் போவதுதான் அவர் தொழில் என்பது பின்னால் தெரிந்தது. அன்றைக்கு அவர் கடவுள் அனுப்பிய ஆள்போலத்தான் குழாயடியைத் தாண்டி வந்தார். குடம் தட்டப்பட்டது. வித்வான் முன்னால் போய் நின்றேன்.

"இங்க யாரும் இல்ல சார்."

"ஐ ஆம் நாட் கலெக்‌ஷன், பிரதர். ஐ கேம் டு சேவ் த ஹவுஸ்" என்றார். பிறகு என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்து, "யூ ஆர் எஜுகேட்டட். யூ வில் அண்டர்ஸ்டாண்ட்" என்றார்.

"யெஸ், யெஸ்" என்றேன். என்னுடைய ஆங்கிலத்தில் பாதி அதுதான். ஆனால் என் வாழ்க்கையில் என்னிடம் ஒருவர் ஆங்கிலத்தில் பேசி, அதற்கு நான் பதிலும் சொல்லி, சந்தே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது அன்றுதான். அந்த இரண்டு "யெஸ்"ஸுக்கு அக்கா கொடுத்த விலை அவள் வீடு.

உள்ளே உட்கார்ந்து அவர் பாடம் எடுத்தார். சேட்டுக்கு இனிமேல் ஒரு பைசா தரக் கூடாது. தந்தால் வழக்கு பலமாகிவிடும். சேட்டின் கடைப்பக்கமே தலைகாட்டக் கூடாது. மாதாமாதம் வட்டிப் பணத்தை அவரிடம் கொடுத்தால் கோர்ட்டில் கட்டி ஸ்டே வாங்குவார். எல்லாவற்றிலும் முக்கியம், கோர்ட்டுச் சேவகரான அமீனா காகிதம் கொண்டுவந்தால் கையில் வாங்கக் கூடாது.

"கைல வாங்கினாத்தாம்மா அது நோட்டீசு. வாங்கலைன்னா கேசே கெடையாது."

இதைக் கேட்டுச் சந்துக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நாங்கள் வருஷக்கணக்காகச் செய்துவந்ததே சட்டம் என்று ஒருவர் வந்து சொல்கிறார்! அக்காவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"சேட்டு நல்ல மாதிரிதான் நைனா. ஒரு தபா பாத்துட்டு வந்துர்றனே" என்று என்னைப் பார்த்தாள்.

"போனா கடன ஒத்துக்கினா மாதிரி ஆயிடும்க்கா. லா பாயிண்ட்டு" என்றேன் நான். அந்த லா பாயிண்ட் எனக்குத் தெரிந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

கட்டிலில் படுத்திருந்த அக்காவின் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், கூரையைப் பார்த்துக்கொண்டே, "படிச்ச புள்ள சொல்லுதுல்ல" என்றார். முடிந்தது.

அமீனா முதல்முறை வந்தது ஒரு நல்ல வெயிலில். குடை பிடித்த, பாதம் வீங்கிய வயசாளி. குடம் தட்டினார்கள். அக்கா கதவைச் சாத்தினாள். "அந்தம்மா புழல் ஏரியாண்ட குடிபோயி ஆறு மாசமாச்சு சார்" என்று நான் மனசாரச் சொன்னேன். அடையாளமாக ஒரு வேப்பமரத்தையும் சொன்னேன். அவர் போனார்.

அடுத்த வாரம் திரும்பி வந்தார். "யோவ், புழல்ல வேப்பமரம் இல்லாத தெருவே இல்லய்யா" என்றார் குழாயடியைப் பார்த்து. சந்தே சிரித்தது. அன்றைக்கு என்னை அடையாளம் தெரியாமலிருக்க நான் தலையில் துண்டு கட்டி, தெலுங்குக்காரனாகி நின்றேன்.

"நாக்கு தமிழ் ராது" என்றேன், தமிழ் தெரியாது என்பதற்கு.

அமீனா முகம் மலர்ந்துவிட்டது. என்னைவிட நூறு மடங்கு நல்ல தெலுங்கில், எந்த ஊர், நெல்லூர்ப் பக்கமா, என்ன குடும்பம் என்று அன்பாக விசாரிக்க ஆரம்பித்தார். சினிமாவில் கேட்ட மூன்று வார்த்தையோடு என் தெலுங்கு தீர்ந்துபோய் முழித்தேன். குழாயடியில் ஒருத்தி சிரித்துச் சிரித்துக் குடத்தைக் கீழே போட்டாள். அமீனாவுக்கு விஷயம் புரிந்தது. பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து, விரலால் பசையைத் தடவி, அக்காவின் கதவில் காகிதத்தை ஒட்டினார்.

"யாராச்சும் படிச்சிப் பாருங்கய்யா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அது காத்தாடிக் காலம். நான் தண்ணீர் தெளித்து, கிழியாமல் அந்தக் காகிதத்தை உரித்தேன். நல்ல தடித்த காகிதம். கோர்ட் முத்திரை சரியாக நடுவில் வரும்படி காத்தாடி செய்து, மாஞ்சா போட்ட நூலில் மொட்டை மாடியிலிருந்து விட்டேன். முப்பது வயது எருமை. சந்தே அண்ணாந்து பார்த்துக் கைதட்டியது. வாயை முந்தானையால் மூடிக்கொண்டு அக்காவும் சிரித்தாள். படிச்ச புள்ள அந்தக் காகிதத்தைப் படிக்கவில்லை. முத்திரை எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் பார்த்தான்.

நடுவில் இரண்டுமுறை சைக்கிளில் ஓர் ஆள் வந்து அக்காவைக் கேட்டான். சேட்டுக் கடை ஆள் என்று பார்த்தாலே தெரிந்தது. "வேளாங்கண்ணி போய்க்கீறாங்க, எப்போ வருவாங்கன்னு தெரியாது" என்று இரண்டுமுறையும் அனுப்பினேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வித்வான்கள் எதிராளி பேச்சைக் கேட்பதில்லை.

பிறகு அண்ணனின் இடுப்புக்குத் துறைமுகத்திலிருந்து நஷ்டஈடு வந்தது. அவ்வளவு பணத்தைச் சந்தில் யாரும் ஒன்றாகப் பார்த்ததில்லை. மாதப் பணம் வாங்க வந்த ஸ்டேக்காரரிடம் நான்தான் பெருமையாகச் சொன்னேன். இரண்டு நாளில் திரும்பி வந்தார், கூடவே தொந்தியும் தொப்பியுமாக ஒரு பெரிய மனிதர். சீனியர் வக்கீல் ஆபீஸ்காரராம். ஸ்டேக்காரர் அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்து, அந்தப் பணத்தை மொத்தமாகக் கோர்ட்டில் டிபாசிட் கட்டிவிட்டால் சேட்டு வாயே திறக்க முடியாது என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, தொப்பிக்காரர் அக்கா வாங்கிக் கொடுத்த கோலி சோடாவைக் குடித்தபடி வீட்டைச் சுற்றி வந்தார். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கொல்லைப்புறத்தைக் காலடியால் அளந்தார்.

"இன்னா சார், வூட்ட வாங்கப் போறீங்களா?" என்று நான் கேட்டேன்.

எல்லோரும் சிரித்தோம். அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

அக்கா பணத்தைக் கொடுத்தாள். ரப்பர் முத்திரை குத்திய ஒரு சீட்டு கிடைத்தது. ஸ்டேக்காரர் அதற்குப் பிறகு மாதப் பணம் வாங்கக்கூட வரவில்லை. ஸ்டே கிடைத்துவிட்டது, இனி பணம் தேவையில்லை, அதனால்தான் வரவில்லை என்று நான் அக்காவுக்கு விளக்கம் சொன்னேன். முட்டாளுக்கு விளக்கத்துக்குப் பஞ்சமே வராது.

ஒரு திங்கட்கிழமை காலை குடம் தட்டும் சத்தம் கேட்கவில்லை. தமுக்குச் சத்தம்தான் கேட்டது. தமுக்கு அடிப்பவன் முன்னால், அமீனா பின்னால். இரண்டு பேரும் நேராக வந்து அக்காவின் வீட்டு வாசலில் நின்றார்கள். ஓர் அடி, ஒரு வரி என்று அமீனா படித்தார். வீட்டின் நாலு எல்லை, அக்காவின் அப்பா பேர், அக்கா பேர், பாக்கித் தொகை, ஏலத் தேதி. எங்கள் ஆட்களுக்குத் தமுக்கு என்றால் சாவைவிட மோசம். சாவுக்கு அடிக்கும் மேளத்துக்காவது நாலு பேர் கூட நடப்பார்கள்.

நான் விடவில்லை. முன்னால் போய், "தாத்தா, இது அந்த வூடு இல்ல" என்றேன்.

அமீனா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்போ தமிழ் வந்துருச்சா?" என்றார்.

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அக்காவும் நானும் ஹைகோர்ட்டுக்கு ஓடினோம். அந்த வளாகத்தில்தான் எங்கள் வழக்கு நடந்த கோர்ட்டும் இருந்தது. ஸ்டேக்காரரை விசாரித்தோம். கஞ்சி போட்ட சட்டையும் எண்ணெய்த் தலையுமாக அங்கே மரத்துக்கு ஒருவர் நின்றார்கள், எங்கள் ஆள் மட்டும் இல்லை. ரப்பர் முத்திரையில் இருந்த மண்ணடி விலாசத்தில் ஓர் ஐஸ் பேக்டரி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு வக்கீலின் குமாஸ்தா காசு வாங்கிக்கொண்டு கேஸ் கட்டைப் பார்த்துச் சொன்னார். யாரும் வந்து நிற்காததால் வழக்கு ஒருதலையாகத் தீர்ப்பாகிவிட்டது. அதற்குப் பிறகும் கடனைக் கட்டி வீட்டை மீட்க மாதக்கணக்கில் கெடு கொடுத்திருக்கிறார்கள். அதுவும் போய்விட்டது. அக்கா பேரில் டிபாசிட் என்று ஒரு பைசாவும் கட்டப்படவில்லை.

"சம்மன் வந்தப்பவே வந்து நின்னு தவணை கேட்டிருக்கலாமேம்மா? கேட்டா குடுப்பாங்களே. சம்மனை என்ன பண்ணீங்க?" என்றார்.

நான் சட்டைப் பையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினேன், மறுபடி கழற்றினேன்.

அங்கிருந்து யானைக்கவுனிக்கு நடந்தே போனோம். சேட்டு அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"எங்கேம்மா போயிட்டே இத்தனை நாளா? வீடு எனக்கு எதுக்கு? நான் வட்டிக்கடை வெச்சிருக்கேன், வாடகைக் கடை இல்லே. நஷ்டஈடு வருதுன்னு கேள்விப்பட்டேன். அதைக் கொண்டாந்து கட்டிட்டா பாக்கி வட்டியைத் தள்ளி பத்திரத்தைத் தந்துடறேன்னு ரெண்டு தடவை ஆள் அனுப்பினேனே. வேளாங்கண்ணி போயிட்டதா எதிர்வீட்டு ஆள் யாரோ சொன்னானாமே?"

அந்தக் கடைச் சுவரில் ஒரு லட்சுமி காலண்டர் தொங்கியது. அந்த லட்சுமியின் ஒவ்வொரு விரலும் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"யாரு அந்த ஆளு?" என்று சேட்டு கேட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

"தெர்ல சேட்டு" என்றாள்.

வட்டிக்காரர் கேட்டால் சந்து ஆளைக் காட்டிக்கொடுப்பதில்லை. அக்கா என்னையும் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் அங்கேயே செருப்பைக் கழற்றி என்னை நாலு அடி அடித்திருந்தால் நான் இப்போது இதை இன்னும் கொஞ்சம் சிரிப்பாக எழுதியிருப்பேன்.

இனிமேல் எதுவும் தன் கையில் இல்லை, ஏலத்துக்குள் மொத்தப் பணம் வந்தால் பார்க்கலாம் என்றார் சேட்டு. எங்கே இருந்து வரும்? காதிலிருந்தது, கழுத்திலிருந்தது, கருவாட்டுக் கூடை வரை விலை பேசிப் பார்த்தாள். சந்தும் தன்னால் ஆனதைப் போட்டது. நான் என் சைக்கிளை விற்றேன். எல்லாம் சேர்ந்து, அந்தப் பணத்தைக் கொண்டுபோய்க் கட்ட வெட்கப்படும் அளவுக்குத்தான் இருந்தது.

ஏலத்தன்று நான் மட்டும் போனேன். கேட்டது மூன்று பேர். இரண்டு பேர் சீக்கிரமே வாயை மூடிக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் தொப்பி போட்டிருந்தார். வீடு பாதி விலைக்கும் கீழே அவருக்கு முடிந்தது. வெளியே வந்தபோது, என்னை எங்கேயோ பார்த்த ஞாபகத்தில் அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். பழக்க தோஷம், நானும் பதிலுக்குச் சிரித்துத் தொலைத்தேன். பிறகுதான் அக்கா வாங்கிக் கொடுத்த கோலி சோடா ஞாபகம் வந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். "நீங்களா கூப்ட்டு வெச்சி, நீங்களா குடுத்துட்டு, இப்போ இன்னா?" என்றார் அங்கே இருந்தவர். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

சில வாரங்களில் வீட்டைக் காலி செய்ய அமீனா வந்தார், ஒரு போலீஸ்காரரோடும் புதுப் பூட்டோடும். இந்தமுறை அக்காதான் கதவைத் திறந்து, "வாங்க" என்றாள். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவசரமில்லை, மெதுவாக எடுங்கள் என்றார். அண்ணனை இரண்டு பேர் தூக்கி ரிக்‌ஷாவில் உட்காரவைத்தார்கள். திருவொற்றியூரில் அக்காவின் தூரத்துச் சொந்தம் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. அங்கே போகிறார்கள். சந்தில் எல்லோரும் வெளியே நின்றார்கள். குழாயில் தண்ணீர் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது, பிடிக்க யாருமில்லை.

கைவண்டியில் பாத்திரம், பாய், மாதா படம், கருவாட்டுக் கூடைகள் ஏறின. நான் ஒரு ட்ரங்குப் பெட்டியைத் தூக்கி வந்து வண்டியின் ஓரத்தில் வைத்தேன். அக்கா கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பேசாமல் இருக்கத் தெரிந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேனே.

"அக்கா, இதோட முடிஞ்சிடல. அப்பீல்னு ஒண்ணு கீதாம். எங்க ஆபீசாண்ட ஒரு வக்கீலு, ரொம்ப நல்ல மாதிரி, நான் நாளைக்கே போயி அவர..."

அக்கா முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீ ஒதவனது போதும் நைனா, நவுரு."